மூவாயிரம் ரூபாயில் எந்தக் கட்டை வாங்குவது? லெகோவும் லெகோ மாதிரியும்

திருமங்கலத்தில் இருக்கும் அக்கா போன வாரம் போன் செய்தாள். "தம்பி, பயலுக்கு அரையாண்டு லீவு வருது. உன் வீட்டுல பார்த்துட்டு வந்ததுல இருந்து அந்த பிளாக்ஸ்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். மூவாயிரம் எடுத்து வச்சிருக்கேன். ஒரிஜினலே வாங்கிரவா, இல்ல அதே மாதிரி வர்றதுல பெரிய டப்பாவா வாங்கவா?" கேள்வி சின்னதுதான். ஆனால் இதையே அலுவலகத்தில் இரண்டு பேரும் மாடிவீட்டு அண்ணனும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறேன். மதுரை பழங்காநத்தத்தில் என் வீட்டு பீரோ மேலேயும் கட்டிலுக்கு அடியிலும், ஒன்றோடொன்று பூட்டிக் கட்டும் இந்த பிளாஸ்டிக் கட்டைகளில் எட்டு வருடமாகச் சேர்த்த செட்டுகள் இருக்கின்றன. அதில் ஒரிஜினல் லெகோ கால்வாசிதான், மற்றதெல்லாம் வேறு வேறு பெயர்களில் வந்தவை. அதனால் இந்த முறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்த 'டூப்ளிகேட்' என்ற சொல். லெகோ இல்லாத எல்லாவற்றையும் டூப்ளிகேட் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. மேலே குமிழ், அடியில் அதைக் கவ்விக்கொள்ளும் குழாய் என்ற அமைப்புக்கு டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் இருக்கும் லெகோ நிறுவனம் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள அவர்கள் செய்த முயற்சியையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் ஏற்கவில்லை. ஆக, எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு குமிழ் என்ற கணக்கில் கட்டை செய்து விற்பது யாருக்கும் உரிமையான தொழில். லெகோவே 1949-இல் வெளியிட்ட முதல் கட்டைகள், கிடிகிராஃப்ட் என்ற பிரிட்டன் கம்பெனியின் கட்டைகளைப் பார்த்துச் செய்தவைதான். போலந்தின் கோபி, சீனாவின் காடா, ஸ்லூபன், வாங்கே போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரைப் பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்கின்றன. இவற்றை மாற்று பிராண்ட் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

திருட்டு என்பது வேறு. ஒருத்தர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வடிவமைத்த செட்டை, பெட்டிப் படம் முதல் மேனுவலின் கடைசிப் பக்கம் வரை அப்படியே எடுத்துப் பாதி விலைக்கு விற்பது. லெப்பின் என்ற பெயரில் அப்படி நடந்தது. 2019 ஏப்ரலில் சீன போலீஸே உள்ளே புகுந்து அதைப் பிடித்தது, 2020-இல் ஷாங்காய் நீதிமன்றம் ஒன்பது பேருக்குத் தண்டனை கொடுத்தது, முக்கியமான ஆளுக்கு ஆறு ஆண்டு சிறையும் ஒன்பது கோடி யுவான் அபராதமும். இப்படிப்பட்ட செட்டை நான் வாங்குவதில்லை, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செட்டோடு வரும் குட்டி மனுஷ பொம்மை இருக்கிறதே, அதன் உருவம் இன்னும் லெகோவின் வணிகச் சின்னம்தான், 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நேர்மையான மாற்று பிராண்டின் பொம்மை அதனால்தான் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். கால் வித்தியாசமாக மடங்கும், தலை சற்று நீளமாக இருக்கும். கடையில் பெட்டிப் படத்தில் பொம்மை அச்சு அசலாக லெகோ பொம்மையாகவே இருந்து, பெயர் மட்டும் வேறாக இருந்தால், அந்தப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

சரி, இனி எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். பிராண்டுக்கு முன்னால் நான் பார்ப்பது பிடிமானம். குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். ஒரு கட்டை மேல் இன்னொன்றை வைத்து அழுத்தும்போது, மேல்கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் அந்தக் குமிழ் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. சுவர் மயிரிழை அளவுக்கு விரிந்து கொடுத்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தத் திரும்பப் பார்க்கும் விசைதான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு இந்தக் குணம் நன்றாக உண்டு. லெகோ 1963-இல் அதற்கு மாறியது, நல்ல மாற்று பிராண்டுகளும் அதையேதான் பயன்படுத்துகின்றன. மட்டமான பிளாஸ்டிக்கில் சுவர் விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடும். முதல் நாள் நன்றாகத்தான் ஒட்டும். பத்துத் தடவை பூட்டிப் பிரித்தால் தொளதொளத்துவிடும், ஆனால் அதற்குள் பில்லைத் தூக்கிப் போட்டிருப்போம்.

அப்புறம் அளவு. ஒரு கட்டை 0.05 மில்லிமீட்டர் அகலம் கூடி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அப்படிப் பத்துக் கட்டையை வரிசையாக வைத்தால் அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அதற்கு மேல் நீளமான ஒரே தட்டால் மூடப் பார்த்தால் ஒரு முனை உட்காரும், மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்தினால் இது தூக்கும். சுவர் நடுவில் வயிறு தள்ளும். ஏழு வயதுப் பையன் இதைப் பார்த்துக் கட்டை சரியில்லை என்று நினைக்க மாட்டான், தனக்குக் கட்ட வரவில்லை என்றுதான் நினைப்பான். எனக்கு இதில் பெரிய வருத்தம் இதுதான், இங்கே நான் எழுதுவதில் பாதி இதற்காகத்தான்.

விளக்குத்தூண் பக்கம், டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள், சித்திரைத் திருவிழா சமயத்துக் கடைகள், இங்கெல்லாம் கிடைக்கிற பெயரில்லாத பெட்டிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அக்கா பெரிய டப்பா என்று சொன்னது இதைத்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு தீயணைப்பு வண்டி 350 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. சிவப்புக் கட்டைகளை மேஜையில் கொட்டினால் மூன்று விதமான சிவப்பு: ஒன்று ரத்தச் சிவப்பு, ஒன்று குங்குமம், ஒன்று வெளிறிப்போன தர்பூசணி. சில கட்டைகள் ஒட்டவே இல்லை. சிலது கட்டைவிரல் நுனி வெளுத்து, குமிழின் வட்டம் தோலில் பதிகிற அளவுக்கு அழுத்தினால்தான் இறங்கியது, இறங்கியதைப் பிரிக்க நகத்தைக் கொடுத்தேன், நகம் மடங்கியது. ஏணியைத் தாங்கும் கீல் இரண்டு நாளில் உடைந்தது. ஒரே பெட்டிக்குள் தொளதொளப்பும் இறுக்கமும் சேர்ந்து வருவதுதான் இவற்றின் அடையாளம், பிள்ளைகளுக்கு இந்த இரண்டுமே ஆகாது.

இந்தப் பெட்டிகள் இப்போது முன்பு போலக் குவிந்து கிடப்பதில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாடும் பொம்மை எதுவானாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. பெட்டியில் முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். மோட்டார், விளக்கு வைத்த செட் என்றால் ஐஎஸ் 15644. முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பதால், அந்த முத்திரையைக் கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணை அடித்துப் பாருங்கள், யாருக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று அங்கேயே வந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே செய்யலாம், அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை. ஈயம் மாதிரி உலோகங்கள் எவ்வளவு கசியலாம், முனை எவ்வளவு கூராக இருக்கலாம், சின்ன துண்டு தொண்டையில் சிக்குமா என்பதெல்லாம் அந்தத் தரத்துக்குள் வருகிறது. வாயில் வைக்கும் வயதில் ஒரு தம்பி, தங்கச்சி வீட்டில் இருந்தால் இது இரண்டு மடங்கு முக்கியம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருக்கும் இடத்தில் இந்தச் சின்ன கட்டைகளைத் தரையில் கொட்டவே கூடாது.

நம் நாட்டில் செய்கிற பெரிய கட்டைகள், பையிலோ வாளியிலோ வருமே, அவற்றைப் பற்றி நல்லதாகவே சொல்லலாம். முத்திரை இருக்கும், விலை குறைவு, கையில் பிடிக்கப் பெரிதாக இருக்கும், பால்வாடிப் பிள்ளைக்கு அதுவே போதும். ஆனால் அவை பெரும்பாலும் லெகோ அளவோடு சேராது, பின்னாளில் வாங்குகிறதோடு கலக்க முடியாது. மருமகனுக்கு ஏழு வயது, அவனுக்கு இது பத்து நாளில் சலித்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 'இரண்டாயிரம் பீஸ்' என்று போட்டு ஆச்சரியமான விலையில் ஒரு கோட்டையோ கப்பலோ கண்ணில் படும். அளவைப் பாருங்கள். ஜப்பானின் கவாடா கம்பெனி 2008-இல் நானோபிளாக் என்று ஒரு குட்டிக் கட்டையைக் கொண்டுவந்தது, குமிழுக்குக் குமிழ் நான்கு மில்லிமீட்டர்தான், அதாவது லெகோவில் பாதி. அதைப் பார்த்துச் செய்த குட்டிக் கட்டைகள்தான் இந்த இரண்டாயிரம் பீஸ். அது தனி வகை, பொறுமை உள்ள பெரியவர்களுக்கு அருமையான வேலை, ஆனால் சாதாரணக் கட்டையோடு சேராது, சின்னப் பையன் விரலுக்கும் அடங்காது. மாடிவீட்டு அண்ணன் இப்படி ஏமாந்துதான் ஒரு டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இனி நான் அதிகம் வாங்குகிற மாற்று பிராண்டுகள். இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில்தான் எனக்குச் சந்தோஷம். லெகோ செய்யாததை இவர்கள் செய்கிறார்கள். கோபியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் டாங்கிகள், விமானங்கள், கப்பல்கள்தான் அவர்கள் பலம், லெகோ நவீனப் போர்க்கருவிகள் பக்கம் போவதில்லை, அது லெகோவின் நெடுங்காலக் கொள்கை. கோபியில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை கிடையாது, எண்ணும் சின்னமும் கட்டை மேலேயே அச்சாகி வரும். ஸ்டிக்கர் மதுரை வெயிலுக்கு இரண்டே கோடையில் ஓரம் சுருண்டு கிளம்பிவிடும், அச்சு அப்படியே இருக்கும். என் அலமாரியில் ஆறு வருடமாக நிற்கிற ஒரு விமானத்தின் இறக்கையில் இன்னும் ஒரு எழுத்துகூட மங்கவில்லை. பிடிமானம் லெகோவை விட ஒரு பிடி இறுக்கம், அதனால் கட்டி முடித்தபின் தலைகீழாகத் தூக்கினாலும் ஒன்றும் உதிராது, ஆனால் திருத்திக் கட்ட நினைத்தால் விரல் வலிக்கும். விலை குறைவு என்று நினைத்து அதன் பக்கம் போகாதீர்கள், இங்கே வந்து சேரும்போது லெகோவை நெருங்கிவிடுகிறது.

காடா கார்களிலும் இயந்திரங்களிலும் கெட்டி. பல்சக்கரம், அச்சு, கியர்ப்பெட்டி என்று உள்ளே ஓடுவதைப் பார்க்கவே கட்டலாம். மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் தாராளமாகச் சொல்வேன், பாடத்தில் படமாகப் பார்த்த டிஃபரன்ஷியல் (வண்டி திரும்பும்போது இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கையில் சுற்றும்போது சட்டென்று புரிந்துவிடும். ஸ்லூபனில் சின்ன சின்ன ஊர் செட்டுகள், வண்டி, கடை, வீடு எல்லாம் உண்டு. வாங்கே உலகக் கட்டடங்கள். இவற்றில் ஒரு பீசுக்கு இரண்டு, மூன்று ரூபாய் என்ற கணக்கில் நான் வாங்கியிருக்கிறேன். லெகோவில் அதே கணக்கு எனக்கு ஆறு ரூபாய்க்குக் கீழே வந்ததில்லை. கட்டைகளின் தரம் கடந்த சில வருடங்களில் நன்றாகவே உயர்ந்திருக்கிறது, கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கட்டையைக் கையில் கொடுத்தால் நல்ல சீனக் கட்டைக்கும் லெகோவுக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கே சிரமம். குமிழ் மேல் எழுதியிருக்கும் பெயரை நகத்தால் தடவித்தான் தெரிந்துகொள்வேன்.

ஆனால் குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு துறைமுகக் கிரேன், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பீஸ், ஆன்லைனில் வாங்கினேன். பெட்டி இல்லாமல் பாலித்தீன் கவர்களாக வந்தது. கவர்களில் எண் இல்லை, எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பிரித்து எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மேனுவலில் கறுப்பும் அடர் சாம்பலும் ஒரே நிறமாக அச்சாகியிருந்தது, அறுபதாவது படி வரை போய்விட்டு, நாற்பத்து இரண்டாவது படியில் தவறு செய்ததைக் கண்டுபிடித்து, திரும்பப் பிரித்தேன். கடைசியில் பன்னிரண்டு பல் வைத்த சக்கரம் இரண்டு குறைந்தது. விற்றவரிடம் படம் அனுப்பி, திரும்ப அனுப்பி, ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லை, கையில் இருந்த வேறு செட்டிலிருந்து எடுத்துப் போட்டுத்தான் கிரேனின் கை மேலே ஏறியது. என்னிடம் உதிரி இருந்தது, சமாளித்தேன். முதல் செட்டாக இதை வாங்கிய ஒரு பிள்ளையிடம் என்ன இருக்கும்? லெகோவில் ஒரு பீஸ் குறைந்தால் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு, குறைவதும் அபூர்வம். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் அங்கே நாம் பணம் கொடுக்கிறோம்.

இன்னொன்று, இந்த மாற்று பிராண்டுகளில் பல, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமலேயே ஆன்லைனில் உலவுகின்றன. பிள்ளைக்கு என்றால் முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள், கிடைக்கவில்லையென்றால் அந்த செட்டை விட்டுவிடுங்கள்.

ஒரிஜினல் லெகோவில் எல்லாமே நல்லது என்று வாங்கிவிடக் கூடாது, எந்த டப்பா என்பது முக்கியம். மூவாயிரத்துக்கு ஒரு பந்தயக் காரோ படத்தில் வந்த ஒரு விண்கலமோ வாங்கினால், பையன் ஒன்றரை மணி நேரத்தில் கட்டிவிடுவான், அம்மா அதை ஷோகேஸில் வைத்துவிடுவாள், பிரிக்க விடமாட்டாள், அத்தோடு கதை முடிந்தது. அதில் வரும் பாதிப் பீஸ்கள் அந்தக் காருக்கு மட்டுமே பொருந்தும் வளைந்த துண்டுகள். அதே பணத்துக்கு கிளாசிக் என்ற வரிசையில் அடிப்படைக் கட்டைகள் மட்டும் வரும் டப்பா கிடைக்கும். 484 பீஸ் வைத்த நடுத்தர டப்பா ஒன்று இருக்கிறது, தள்ளுபடி நாளில் நான் அதை மூவாயிரத்துக்குள்ளேயே வாங்கியிருக்கிறேன். எட்டுக் குமிழ் வைத்த ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு கட்டைக்கே இவ்வளவு.

பழைய கட்டைகளை எடை போட்டு வாங்குவது பற்றியும் கேட்பார்கள். மதுரையில் அது அரிது. மாற்றலாகிப் போகிற குடும்பங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பார்த்தால் விடாதீர்கள், கட்டை பழசாகிக் கெடுகிற பொருள் கிடையாது. லெகோவில் 1958-க்குப் பிறகு வந்த கட்டை இன்றைய கட்டையோடு சேரும்.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: பணத்தில் பெரும்பங்கை அந்த ஒரிஜினல் அடிப்படை டப்பாவுக்குக் கொடு, தள்ளுபடி வரும்வரை ஒரு வாரம் பொறுத்தாலும் பரவாயில்லை, மீதியில் மாற்று பிராண்டில் ஒரு தரைத்தட்டு வாங்கு. பெரிய டப்பா வேண்டவே வேண்டாம். தரைத்தட்டில் ஒரிஜினலுக்காகச் செலவழிப்பது வீண். 32-க்கு 32 குமிழ், பக்கத்துக்கு இருபத்தைந்தரை சென்டிமீட்டர், அதன் வேலை மேலே கட்டியதைத் தாங்குவது மட்டும்தான், மயிரிழை முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கடைக் கண்ணாடி மேஜை மேல் வைத்துப் பாருங்கள், நான்கு மூலையும் படிந்து உட்கார்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மூலை சுருண்டிருந்தால் வேறு கேளுங்கள். சக்கரம், ஜன்னல், கதவு எல்லாம் அடுத்த பிறந்தநாளுக்கு மாற்று பிராண்டில் ஒரு சின்ன ஊர் செட்டாக வாங்கி இதோடு கலந்துவிடலாம். அடித்தளம் நல்ல கட்டையாக இருந்துவிட்டால் பிறகு கலக்கிறது சுமாராக இருந்தாலும் தாங்கும். தலைகீழாகச் செய்தால், மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒரு தொளதொளக் கட்டை மொத்தச் சுவரையும் ஆட வைத்துவிடும்.

"மேனுவல்ல நாலஞ்சு படம்தான் இருக்கு, அப்புறம் என்னத்தக் கட்டுவான்?" என்றாள் அக்கா. கோபுரம் கட்டட்டும் என்றேன்.

இந்தியக் கட்டடம் என்று லெகோ செய்தது தாஜ் மஹால், 2008-இல் 5,922 பீஸில் வந்தது, பிறகு 2017-இல் மறுபடியும், 2021-இல் சின்னதாக ஒன்று. வாங்கேயும் ஒன்று செய்தது. மீனாட்சி அம்மன் கோவில் கோபுரத்தை யாரும் பெட்டியில் போட்டு நான் பார்த்ததில்லை, அதனால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் உயரம், ஒன்பது நிலை. இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 25 சென்டிமீட்டர் வரும். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், ஆக 26 வரிசை. அடியில் கல்மண்டபத்துக்கு நாலு வரிசை, ஒன்பது நிலைக்கு இரண்டிரண்டாகப் பதினெட்டு, உச்சியில் நாலு. கணக்கு எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள்! ஒவ்வொரு நிலைக்கும் உள்ளே வாங்க வேண்டும், ஆனால் ஒரு முழுக் குமிழ் உள்ளே வாங்கினால் கோபுரம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். நிஜக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக, லேசாக உள்வளைந்து போகிறது. நான் இரண்டு நிலைக்கு ஒரு முறை ஒரு குமிழ் வாங்கி, நடுவில் வருகிற நிலையில் சரிவுக் கட்டையைப் போட்டேன், அப்போதுதான் கண் ஏமாந்து அதை வளைவாகப் பார்த்தது. நிறத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், நம் கோபுரத்தில் இல்லாத நிறம் எது? டப்பாவில் வருகிற பச்சை, நீலம், மஞ்சள், ரோஸ் எல்லாமே பொருந்தும். உச்சியில் கலசத்துக்கு ஒற்றைக் குமிழ் வைத்த மஞ்சள் கூம்புகள் ஒன்பது.

பெரியவர்கள் தங்களுக்காகச் சேர்ப்பது என்றால் என் பதில் வேறு. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை வைத்து பிராண்டைத் தேர்ந்தெடுங்கள், ஆயிரம் பீஸ் பெரிய செட்டுக்கு முன்னால் அதே பிராண்டில் சின்னதாக ஒன்று வாங்கிப் பிடிமானம் பாருங்கள், கொஞ்சம் உதிரிப் பல்சக்கரமும் அச்சும் கையிருப்பில் வையுங்கள். வீட்டில் இடம் எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். கட்டிய செட்டில் தூசி ஏறும், நம் ஊர்த் தூசி சாதாரணத் தூசி கிடையாது. ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடத்தில் வைத்தால் வெள்ளைக் கட்டை ஓரிரண்டு வருடத்தில் பழுத்துவிடும், எந்தக் கம்பெனிக் கட்டையும் இதற்கு விலக்கு இல்லை.

கழுவுவதற்கும் ஒரு வார்த்தை. 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் கூடாது என்று லெகோவே சொல்கிறது. சித்திரை வைகாசியில் மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், அதனால் காலையிலேயே குழாயைத் திறந்து, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு துண்டின் மேல் பரப்பிக் காயவிடுங்கள். விளையாடும்போது தரையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் கொட்டினால், முடிந்ததும் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கி டப்பாவில் கவிழ்த்துவிடலாம், காலில் ஒன்றும் குத்தாது. பிரித்து வைப்பதென்றால் நிறவாரியாக வைக்காமல் வடிவவாரியாக வையுங்கள். சிவப்புக் குவியலுக்குள் சின்ன சிவப்புத் துண்டைத் தேடிப் பாருங்கள், ஏன் என்று தெரியும். பிரிக்கக் கஷ்டமாக இருந்தால் பிள்ளைகள் பல்லைக் கொடுப்பார்கள், என் பழைய தட்டுகளின் ஓரத்தில் மருமகன் பல் பதிந்திருக்கிறது. பிரிப்பதற்கென்றே ஒரு ஆரஞ்சு நிறக் கருவி பல செட்டுகளில் வருகிறது, அதைத் தொலைக்காமல் டப்பா மூடியில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள்.

டப்பா போன சனிக்கிழமை வந்து சேர்ந்தது. நேற்று ராத்திரி மருமகன் வீடியோ காலில் வந்து, "மாமா, ஆறாம் நிலை வரைக்கும் வந்துட்டேன், சரிவுக் கட்டை தீர்ந்துபோச்சு, எட்டு வேணும்" என்றான். கோபுரம் கொஞ்சம் கிழக்கே சாய்ந்த மாதிரி இருந்தது, திரையில் அப்படித் தெரிந்ததா, நிஜமாகவே சாய்வா என்று தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் டப்பாவில் சரிவுக் கட்டை மஞ்சளில் பதினொன்று, பச்சையில் நாலு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.